நாற்பதடிப் பெட்டிக்குள் ஒரு வணக்கம்

கதவின் இரும்புக் கம்பி வெளியே விழுந்த சத்தம் எனக்கு நன்றாகவே கேட்டது. முதலில் ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அந்தச் சமயம் நான் மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில், நாற்பதடிப் பெட்டி ஒன்றின் உள்ளே, வலது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். எதிரில் ஒருவரும் இல்லை. ஒருவரும் இல்லாத இடமாகப் பார்த்துத்தான் வந்திருந்தேன்.

ஒரே ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். வெளியே நின்ற ஆள் கதவைத் திறந்திருப்பார். நானும் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு பஸ் ஏறியிருப்பேன். இந்த வாரம் எழுதுவதற்கும் ஒன்றும் இருந்திருக்காது.

நான் குரல் கொடுக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

பாடுகிறவனுக்கு என்ன வெட்கம்?

இந்தத் தொடர் வர ஆரம்பித்ததிலிருந்து காசிமேட்டில் பலர் என்னை நிறுத்தி இதைத்தான் கேட்கிறார்கள். ஆயிரம் பேர் முன்னால் பாடுகிறாய், எங்களிடம் நாலு வார்த்தை பேச மாட்டேன் என்கிறாயே என்கிறார்கள். நான் சிரித்துவிட்டு நழுவி விடுகிறேன். அதற்கான பதிலை இங்கே எழுதி விடுகிறேன்.

பாட்டில் அடுத்த வரி என்னவென்று எனக்கு முன்னாலேயே தெரியும். பேச்சில் தெரியாது. விஷயம் இவ்வளவுதான்.

சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பேர் கூப்பிட்டால் 'உள்ளேன் ஐயா' சொல்ல வேண்டும். எனக்கு வாய் வராது. பக்கத்து பெஞ்சு தாஸ்தான் இரண்டு முறை எழுந்து, தனக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று சொல்லுவான். ஐந்தாம் வகுப்பில் அவன் வீடு எண்ணூருக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு நான் தினமும் பள்ளிக்கூடம் போனேன், தினமும் வரவில்லை என்றே பதிவானது. அந்த வருஷத்தோடு என் படிப்பும் முடிந்தது.

அப்புறம் மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் வேலை. பாறை பாறையாக ஐஸை மெஷினில் தள்ள வேண்டும். அந்தச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. இதைவிட நல்ல வேலை எனக்குக் கிடைத்திருக்காது. மெஷின் இரைச்சலுக்குள் நான் வாய்விட்டுப் பாடிக்கொண்டிருப்பேன். யாருக்கும் கேட்காது என்று நினைத்திருந்தேன்.

ரீட்டாவைப் பெண் பார்க்கப் போனபோது அவள் அம்மா என் சித்தியிடம், மாப்பிள்ளை பேசுவாரா என்று கேட்டார். சித்தி கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாடுவான்" என்றார். அதை வைத்தே கல்யாணம் நடந்தது.

கடப்பாரை

மெஷின் இரைச்சலையும் தாண்டி என் குரல் கேட்டிருக்கிறது. கேட்டவர் ஸ்டீபன் அண்ணன். துறைமுகத்தில் கிளார்க் வேலை, சாயங்காலம் கீபோர்டு. அவர் தொடங்கிய பாப் பேண்டின் பெயர் 'கடப்பாரை'. எங்கள் கிதார்காரன் கிதாரைப் பிடித்திருந்ததைப் பார்த்து அவன் அப்பா, "இன்னாடா கடப்பாரைய புடிச்ச மாதிரி புடிச்சிகினு கீற" என்று கேட்டார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

நான் முன் மைக். அதாவது மேடையில் நடுவில், எல்லாருக்கும் முன்னால் நிற்பவன். பாட்டு முடிந்ததும் கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்தபடி நிற்பேன். அடுத்த பாட்டின் தாளம் தொடங்கும்வரை மண்டபத்தில் பேச்சே இருக்காது. துக்க வீட்டில்கூட அதைவிடக் கலகலப்பு இருக்கும் என்று ரீட்டா சொல்லியிருக்கிறாள்.

இந்த நிலைமையில் எங்கள் பேண்டுக்கு ஜெரோம் வந்தான். தண்டையார்பேட்டையில் செல்போன் கடையில் வேலை செய்யும் பையன். பார்க்க லட்சணமாக இருப்பான். பாட்டும் பரவாயில்லை. ஆனால் பேச்சு! "ராயபுரம், சத்தமே கேக்கல" என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் கிழவிகள்கூடக் கை தட்டுவார்கள்.

ஸ்டீபன் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னார். அவர் தோளில் கை போட்டால் நல்ல சேதி வராது.

"லூர்து, ஞாயித்துக்கெழம ராயபுரத்துல ரிசப்ஷன். நீ ஜனங்ககிட்ட பேசணும். ஒரு வணக்கம், பேண்டு பேரு, அவ்ளோதான். பேசிட்டினா முன் மைக்கு உனுது. இல்லனா அடுத்த புரோகிராம்லர்ந்து ஜெரோம் முன்னாடி, நீ கோரஸ்ல. கோச்சிக்காத."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன். எனக்கு உலகத்தில் இருந்தது அந்த ஒரு மைக்தான்.

பெட்டியின் குரல்

நாங்கள் பாடிப் பழகுவது கன்டெய்னர் பெட்டிக்குள்தான். எங்கள் டிரம்ஸ்காரன் பாபு அந்த யார்டில் பெட்டிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தான். வீட்டில் பழகினால் அக்கம்பக்கத்தில் சண்டைக்கு வருவார்கள். பெட்டிக்குள் எவ்வளவு சத்தம் போட்டாலும் கேட்க ஆள் இல்லை. அதோடு அதற்கென்று ஒரு எதிரொலி உண்டு. காலிப் பெட்டிக்குள் பாடினால் நம் குரல் சுற்றி வந்து நம் முதுகைத் தடவிக் கொடுக்கும். என்னைப் போன்ற ஆளுக்கு அந்தத் தடவல் ரொம்பத் தேவை.

வழக்கமாக ஓரத்தில் கிடக்கும் ஓட்டை இருபதடியில்தான் பாடுவோம். அதில் குரல் சீக்கிரம் திரும்பி வந்துவிடும், கொஞ்சம் கரகரக்கும். நாற்பதடியில் குரல் போய், நின்று, யோசித்துத் திரும்பி வரும். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு அது வேண்டும் என்று பாபுவிடம் சைகையிலேயே கெஞ்சினேன். ஞாயிற்றுக்கிழமை பெட்டி எதுவும் நகராது என்று அவனும் நல்ல நாற்பதடி ஒன்றைக் காட்டினான். முன்பு மிளகாய் வற்றல் ஏற்றிய பெட்டி. நெடி தாங்கவில்லை. ஆனால் குரல் தேனாக வந்தது.

மத்தியானம் பழகி முடித்து, சாமான்களைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு எல்லாரும் மண்டபத்துக்குக் கிளம்பினார்கள். என் மேடைச் சட்டையும் செல்போனும் அதே வண்டியில் போய்விட்டன. நான் பஸ்ஸில் வருகிறேன் என்று பின்தங்கினேன். வணக்கம் சொல்லிப் பழக வேண்டும் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது?

கதவை உள்ளே இழுத்துச் சாத்திக்கொண்டு, இருட்டைப் பார்த்து, "அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கடப்பாரை" என்றேன். பெட்டி திருப்பிச் சொன்னது. பத்துப் பேர் பதில் வணக்கம் சொன்ன மாதிரி இருந்தது. உற்சாகமாகி மறுபடியும் சொன்னேன்.

அப்போதுதான் வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. எவனோ நான் பேசியதைக் கேட்டுவிட்டான் என்று உடம்பெல்லாம் கூசிவிட்டது. மூச்சை அடக்கிக்கொண்டு, ஆள் இல்லாதது போல நின்றேன். வந்தவருக்கும் உள்ளே ஆள் இருப்பது தெரியவில்லை. ஏதோ கப்பல் அவசரம் என்று ஞாயிற்றுக்கிழமையிலும் பெட்டி ஏற்ற வந்தவர். கம்பியை இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

இலவசப் பயணம்

பிறகு தரை மேலே போனது.

ராட்டினத்தில் ஏறாதவன் நான். வயிறு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் போனோம். ஏதோ ஒன்றின் மேல் பெட்டி தொப்பென்று உட்கார்ந்தது. எஞ்சின் உறுமியது. வெயிலில் காய்ந்த இரும்புக்குள், மிளகாய் நெடியில், இட்லிப் பானைக்குள் இருப்பது போல வேர்த்துக்கொண்டு நான் புறப்பட்டேன்.

இப்போதாவது கத்த வேண்டும். "ஏங்க" என்றேன். ரேஷன் கடையில் முன்னால் நிற்பவரைக் கூப்பிடும் குரலில்தான் வந்தது. எஞ்சின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

எங்கே போகிறோம் என்பதை மூக்குதான் சொன்னது. கொஞ்ச நேரம் மணலிக்கே உரிய அந்த எண்ணெய் ஆலை வாடை. பிறகு அது தேய்ந்து, உப்புக் காற்றும் கருவாடும் வந்தன. எண்ணூர் விரைவுச் சாலை. வண்டி தெற்கே திரும்பியதும் புரிந்துவிட்டது, துறைமுகத்துக்குப் போகிறோம். துறைமுகத்தின் வாசல் இருப்பது ராயபுரத்துப் பக்கம். அதாவது, நான் போக வேண்டிய இடத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

அந்தச் சந்தோஷம் திருவொற்றியூர்வரைகூட நிலைக்கவில்லை. வண்டி நின்றது. எஞ்சினும் நின்றது. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் வரிசையைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வரிசையில் நின்ற டிரைவர்கள் தாடி வளர்த்துக்கொண்டு திரும்பியிருக்கிறார்கள். இந்த வேகத்தில் நான் ராயபுரம் போய்ச் சேருவதற்குள் மாப்பிள்ளையும் பெண்ணும் மறுவீட்டு விருந்தை முடித்திருப்பார்கள்.

சுவரைத் தட்டினேன். டிரைவர் இறங்கி வந்தார். சக்கரங்களைச் சுற்றி நடந்தார். பெட்டியை வண்டியோடு பூட்டும் கொக்கி ஆடுகிறது என்று நினைத்து, அதை நாலு உதை உதைத்துவிட்டுப் போனார்.

கதவோரத்து ரப்பர் ஒரு மூலையில் கிழிந்திருந்தது. அதில் கண்ணை வைத்தேன். நீலச் சட்டை போட்ட டிரைவர் தெரிந்தார். ஒரு டிவிஎஸ் வண்டி வந்து நின்றது. பின்னால் டீக் கேன். லாரி வரிசையில் டீ விற்கும் மஸ்தான் பாய். பெயர் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சுற்றிலும் நாலைந்து டிரைவர்கள் கூடினார்கள்.

பேசத்தான் வராது. பாட வருமே என்று பாடினேன். எங்கள் பேண்டின் பாட்டு, ஸ்டீபன் அண்ணன் எழுதியது:

*லாரி நிக்குது லைனுல - என்*
*லவ்வு நிக்குது மைண்டுல*
*ஓரம் போயி வழிய வுடு*
*ஒத்த பார்வ பாத்து வுடு*

உயிர் போகிறவன் பாடுவது போலத்தான் பாடினேன். ஆனால் நாற்பதடிப் பெட்டி அதைத் தேனாக்கி வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது.

டிரைவர் காதைப் பெட்டியில் வைத்தார். சங்ககிரிப் பக்கத்து ஆள், பேச்சிலேயே தெரிந்தது. "ஏனுங்க பாய், உள்ள எவனோ செல்போன மறந்து வெச்சுட்டானுங்களாட்டம் இருக்குது" என்றார்.

மஸ்தான் பாய் தலையை ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தார். "இன்னா சவுண்டு பா. இந்த மாதிரி செட்டு நம்ம ஏரியாவுலயே கெடியாது."

பாட்டை முடித்தேன். அவர்கள் அடுத்த பாட்டுக்குக் காத்திருந்தார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எவ்வளவு நன்றாகப் பாடினாலும் யாரும் கதவைத் திறக்கப் போவதில்லை. பாடுவது பெட்டி. பேசினால்தான் நான் மனிதன்.

கண்ணை மூடிக்கொண்டேன். பழகியது மட்டும்தான் வாயில் இருந்தது. "அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கடப்பாரை."

"அடுத்த பாட்டு வருது, கம்முனு இரு" என்றார் மஸ்தான் பாய், டிரைவரிடம்.

டீயில் விழுந்த ஈ

வாழ்க்கையில் முதல் முறையாக மேடையில் சொல்ல வேண்டியதைச் சரியாகச் சொல்லியும் பயன் இல்லை. எனக்கு அழுகை வந்தது. கிழிந்த ரப்பர் வழியாக மறுபடியும் பார்த்தேன். எனக்கு நேர் கீழே டிரைவர் டீயை வாய்க்குக் கொண்டுபோனார். சொல்லித்தான் ஆக வேண்டும் என்ற நிலைமை அதில் மிதந்துகொண்டிருந்தது.

"நீலச் சட்ட அண்ணே" என்றேன். "உங்க டீயில ஈ கெடக்குது."

டிரைவர் டம்ளருக்குள் பார்த்தார். பிறகு பெட்டியைப் பார்த்தார். டம்ளர் கீழே விழுந்தது.

நாலைந்து டிரைவர்களும் பின்வாங்கினார்கள். மஸ்தான் பாய் டிவிஎஸ்ஸை ஸ்டார்ட் செய்துவிட்டார். சங்ககிரிக்காரர் மட்டும், தன் வண்டி என்பதால், நின்றார். நெஞ்சில் கை வைத்து, மிகுந்த மரியாதையோடு பெட்டியைக் கேட்டார்.

"ஏனுங்க... நீங்க மனுசருங்களா?"

"ஆமாங்க. லூர்துங்க. ஐஸ் ஒடைக்கறவன்."

"ஐஸ் ஒடைக்கறவரு மொளகாப் பொட்டிக்குள்ள என்னங்க பண்றீங்க?"

அதற்குப் பதில் சொல்ல நான் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். இருட்டில், யார் முகமும் தெரியாமல், குரல் போய்த் திரும்பி வரும் இடத்தில், சொன்னேன். முன் மைக், ஜெரோம், வணக்கம், செருப்புச் சத்தம் எல்லாம். அவ்வளவு நேரம் தொடர்ந்து நான் பேசியதே இல்லை. சொல்லி முடித்தபோது வெளியே கூட்டம் பெரிதாகியிருந்தது. யாரோ ஒருவர் பின்னால் வந்தவருக்கு முதலிலிருந்து விளக்கிக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்தார்கள். அத்தனை முகங்களும் ஒரே நேரத்தில் தெரிந்தன. என் வாய் மூடிக்கொண்டது.

"இப்ப பேசு நைனா" என்றார் மஸ்தான் பாய். நான் தரையைப் பார்த்தேன்.

டிரைவர் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். தண்ணீர் கொடுத்தார். பிறகு மஸ்தான் பாயிடம், "பாய், இவர மண்டபத்துல எறக்கி உட்ருங்க. மைக்கு போயிருமுங்க" என்றார்.

சிங்கப்பூர்

டீக் கேன் கட்டியிருந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன். கேன் என் மடியில். சுடச்சுட. லாரி வரிசையின் ஓரமாக, ஒவ்வொரு பள்ளத்திலும் தொடை வெந்தபடி ராயபுரம் வந்து சேர்ந்தபோது மண்டபத்தில் விளக்குப் போட்டிருந்தார்கள். உள்ளே ஜெரோம் பேசிக்கொண்டிருந்தான். நான் கேனைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே மேடைக்கு ஓடினேன்.

என் சட்டை முழுக்க மிளகாய்த் தூள். நான் மேடையேறியதும் முதல் வரிசையில் இருந்த பெண்வீட்டார் ஒவ்வொருவராகத் தும்ம ஆரம்பித்தார்கள்.

ஸ்டீபன் அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கண்ணாலேயே பின்னால் கோரஸ் மைக்கைக் காட்டினார். நான் போய் நின்றேன். என் இடம் போய்விட்டது. கேனைக் காலடியில் வைத்தேன். அழக் கூடாது என்று மின்விசிறியைப் பார்த்தேன்.

கேனைத் தேடிக்கொண்டு மஸ்தான் பாய் உள்ளே வந்துவிட்டார். கடைசி வரிசையில் யாரோ அவரை விசாரித்திருக்கிறார்கள். அவர் பெருமையாகச் சொல்லியிருக்கிறார், "பொட்டில பூந்து சிங்கப்பூர் ஓடப் பாத்தாரு. நான்தான் புட்ச்சி இட்டாந்தேன்." கதை சுருக்கமாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாராம்.

அந்தச் சேதி வரிசை வரிசையாக முன்னால் வருவதை மேடையிலிருந்து பார்த்தேன். தலைகள் சாய்கின்றன, சிரிக்கின்றன, என்னைப் பார்க்கின்றன. கடைசியில் பெண்ணின் அப்பாவிடம் வந்து சேர்ந்தது. காசிமேட்டில் படகு வைத்திருப்பவர். கடல்மேல் கூப்பிட்டால் கரையில் கேட்கும் குரல். இருந்த இடத்திலிருந்தே கேட்டார்.

"இன்னா லூர்து, என் பொண்ணு கல்யாணத்த வுட்டுட்டு சிங்கப்பூர் போறியாமே? ரீட்டாவுக்குத் தெரியுமா?"

மண்டபமே சிரித்தது. ரீட்டா பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

"போகல" என்றேன்.

மைக் திறந்திருந்தது. சவுண்டு செட்காரர் எதிரொலியைத் தாராளமாக வைத்திருந்தார். 'போகல' மண்டபத்தின் கடைசிவரை போய், நின்று, யோசித்துத் திரும்பி வந்தது. எனக்குப் பெட்டிக்குள் நிற்பது போலவே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

"நான் சிங்கப்பூர் போகல. வணக்கம் சொல்லிப் பழகிகினு இருந்தேன். அனைவருக்கும் வணக்கம். நாங்க கடப்பாரை."

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பாதிக் கதை சொன்னால் ரீட்டாவுக்குச் சந்தேகம் வரும். முழுவதும் சொன்னேன். செருப்புச் சத்தத்தில் சிரித்தார்கள். ஈ விழுந்த இடத்தில் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்புக்குப் பிறகு என்ன சொல்ல வேண்டும் என்பது எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. அது எப்படி என்று இன்றுவரை தெரியாது. யாரோ என் தோளைப் பிடித்து மெதுவாக நகர்த்தினார்கள். கண்ணைத் திறந்தபோது முன் மைக் என் எதிரில் இருந்தது. நகர்த்தியவன் ஜெரோம்.

நான் மேலும் பேசினேன். டீக் கேனின் சூடு, மணலி வாடை, ஐஸ் மெஷின் என்று போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் பெண்ணின் அப்பா எழுந்து கும்பிட்டார்.

"லூர்து, கத நல்லா கீது. பிரியாணி ஆறிகினு கீது. ஒரு பாட்ட பாடி முட்ச்சி வுடு."

ஸ்டீபன் அண்ணன் கீபோர்டிலிருந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். மைக் எனக்குத்தான் என்று அர்த்தம்.

பாடி முடித்துச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். மைக் இல்லை, எதிரொலி இல்லை, எதிர் வரிசையில் அத்தனை முகங்கள். என் தட்டில் குஸ்கா மட்டும் விழுந்திருந்தது, ஒரு துண்டு கறிகூட இல்லை. பரிமாறுகிறவர் என்னைத் தாண்டிப் போனார். திரும்பி வந்தார். மறுபடியும் தாண்டினார். நான் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் இருந்த ஜெரோம் என் தட்டைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், பெருமூச்சு விட்டான். பிறகு பரிமாறுகிறவரின் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"அண்ணனுக்கு ரெண்டு பீஸ் வைய்யி பா. அது கேக்காது. முன் மைக்கு அண்ணனுது, பீஸ் கேக்கறது மட்டும் நான்."